பேட்டரி வண்டிதானே என்று கொடுப்பதற்கு முன்: பிள்ளைகளின் எலக்ட்ரிக் டர்ட் பைக், ஓர் எளிய அறிமுகம்

"கியர் கிடையாது, புகை கிடையாது, சத்தமும் இல்லை. இருபது இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாது. பேட்டரி வண்டிதானே, அப்புறம் என்ன பயம்?" பிள்ளைகள் ஓட்டும் எலக்ட்ரிக் டர்ட் பைக், அதாவது மண்தரையில் ஓட்டும் சின்ன பேட்டரி பைக் பற்றிப் பேச்சு வந்தால் சேலத்தில் பாதிப் பேர் இப்படிச் சொல்வார்கள். மீதிப் பேர், "சார்ஜில் இருக்கும்போதே வெடித்துவிடும், வீட்டுக்குள் சேர்க்காதீர்கள்" என்பார்கள். வண்டிக்குள் என்ன நடக்கிறது என்று இரண்டு தரப்புமே பார்ப்பதில்லை.

பார்த்தால், கவலைப்பட வேண்டிய இடம் வேறு என்று தெரியும். அது வண்டியின் உச்ச வேகத்தில் இல்லை, நின்ற இடத்திலிருந்து கிளம்பும் முதல் நொடியில் இருக்கிறது. என்ன கற்றுக்கொடுப்பது, எங்கே ஓட்டவிடுவது என்பதெல்லாம் அந்த நொடியைப் புரிந்துகொண்டால் தானாகவே பிடிபடும். பேட்டரி மட்டும் தனிக் கதை, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நான் சொல்வது 24 அல்லது 36 வோல்ட் பேட்டரியும், ஏறக்குறைய 250 முதல் 500 வாட் வரை மோட்டாரும், செயினும் உள்ள சின்ன வண்டிகளைப் பற்றி. வீட்டுக் கூடத்தில் ஓடும் 6 வோல்ட், 12 வோல்ட் பொம்மை பைக்குகள் இதில் சேராது. 24 வோல்ட், 350 வாட் வண்டிக்கே "13 வயதுக்கு மேல்" என்று போடும் நிறுவனங்கள் உண்டு. பிள்ளையின் கால் தரையில் எட்டுகிறதா என்று மட்டும் பார்த்து வாங்குபவர்கள், பெட்டியில் போட்டிருக்கும் வயதையும் எடை வரம்பையும் ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

மிக்ஸியில் நடப்பதுதான் இதிலும்

மிக்ஸியின் குமிழைத் திருப்பியதும் அது யோசித்து, நிதானமாக வேகம் பிடிப்பதில்லை. எடுத்த எடுப்பிலேயே சுற்றுகிறது. கெட்டியான துவையல் சிக்கி பிளேடு நின்றுபோனால் என்ன ஆகிறது? மோட்டார் உறுமுகிறது, கருகல் வாசனை வருகிறது, அடியில் உள்ள சிவப்புப் பொத்தான் தட்டிக்கொண்டு மிக்ஸி நின்றுவிடுகிறது. சுற்றிக்கொண்டிருந்தபோது இழுத்ததைவிட, சுற்ற முடியாமல் திணறியபோதுதான் அது அதிகக் கரண்ட் இழுத்தது.

காரணம் எளிது. சுற்றும் மோட்டார் அதே நேரத்தில் டைனமோவாகவும் வேலை செய்கிறது. உள்ளே வரும் மின்சாரத்துக்கு எதிராகத் தானே ஓர் அழுத்தத்தை உண்டாக்குகிறது. வேகம் கூடக்கூட இந்த எதிர் அழுத்தமும் கூடும், உள்ளே நுழையும் கரண்ட் குறையும். மோட்டார் நின்றிருக்கும்போது எதிர் அழுத்தமே இல்லை, கரண்ட் தாராளமாகப் பாயும். சக்கரத்தைத் திருப்பும் வலுவை முறுக்கு விசை என்கிறோம். கரண்ட் எவ்வளவு பாய்கிறதோ அவ்வளவு முறுக்கு விசை. ஆகவே மின்மோட்டாருக்கு முழு வலு இருப்பது ஓடும்போது அல்ல, கிளம்பும்போது.

பெட்ரோல் மொபெட்டில் இப்படி இல்லை. ஆக்சிலேட்டரை முறுக்கினால் முதலில் எஞ்சின் வேகம் ஏற வேண்டும், அப்புறம்தான் தானியங்கி கிளட்ச் பிடிக்கும், அதற்குப் பிறகே வண்டி நகரும். அதற்குள் காதுக்குச் சத்தமும் கைக்கு அதிர்வும் வந்து ஓட்டுபவரை எச்சரித்துவிடும். எலக்ட்ரிக் வண்டியில் அந்த முன்னறிவிப்பு கிடையாது.

அப்படியானால் முறுக்கியதும் வண்டி துள்ளிப் பாயாதா? பாயாமல் பார்த்துக்கொள்ள ஒரு பெட்டி இருக்கிறது, அதன் பெயர் கன்ட்ரோலர். பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில் உட்கார்ந்து, நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை மின்சாரத்தைத் திறந்து மூடி, எவ்வளவு விடலாம் என்று அளந்து விடுகிறது. கைப்பிடியில் உள்ள ஆக்சிலேட்டரோ கேபிளை இழுப்பதில்லை. அதற்குள் ஒரு காந்தமும் அதன் அசைவை உணரும் சென்சாரும் இருக்கும். "பிள்ளை இவ்வளவு முறுக்கியிருக்கிறான்" என்று கன்ட்ரோலருக்குத் தகவல் சொல்வது மட்டுமே அதன் வேலை. நல்ல கன்ட்ரோலர் கிளம்பும் கரண்டைப் படிப்படியாக ஏற்றும். மலிவான வண்டிகளில் அது பெரும்பாலும் முரட்டுத்தனமாக இருக்கும். வாங்குவதற்கு முன் பெரியவர் யாராவது பின்சக்கரத்தைத் தூக்கி வைத்து மெல்ல முறுக்கிப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: மின்மோட்டாரின் முழு வலு நின்ற நிலையிலேயே கிடைக்கிறது. அதை அடக்கி வைப்பது கன்ட்ரோலர். வண்டி உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று சத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது.

பயந்த கை இன்னும் முறுக்கும்

பழகாத பிள்ளை கொஞ்சம் அதிகமாக முறுக்கிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வண்டி முன்னே பாய்கிறது, உடம்பு பின்னுக்குச் சாய்கிறது. விழாமல் இருக்கக் கைப்பிடியை இறுகப் பற்றுகிறது. உடம்பு பின்னால் போகப்போக மணிக்கட்டு கீழே இறங்குகிறது, ஆக்சிலேட்டர் இன்னும் திறக்கிறது. பயம் கூடுகிறது, பிடி இறுகுகிறது, வேகம் கூடுகிறது. பிடித்து விட கிளட்ச் கிடையாது. கையை விட்டால் நிற்கும் என்று தெரிந்த பிள்ளைக்கும் அந்த நேரத்தில் கையை விட மனம் வராது. மணிக்கு 22 கிலோமீட்டர் என்பது நொடிக்கு ஆறு மீட்டர். சுதாரிக்க இரண்டு நொடி ஆனாலும் பன்னிரண்டு மீட்டர் போயிருக்கும். வேலியும் பாறையும் அதற்குள் வந்துவிடும்.

இதற்கு மருந்து பயிற்சிதான். முதலில் சாவியைப் போடாமல் வண்டியை உருட்டி, உட்கார்ந்து, பிரேக் பிடித்து நிறுத்தப் பழகட்டும். அப்புறம், வண்டியில் வேகக் குறைப்பு வசதி இருந்தால் அதிலேயே சில நாள் ஓடட்டும். மணிக்கட்டு கைப்பிடிக்கு நேராகவோ சற்று மேலாகவோ இருக்கும்படி பிடிக்கச் சொல்லுங்கள். ஒரு விரல் எப்போதும் பிரேக் லீவர் மேல். கற்றுக்கொடுப்பவர் வண்டிக்கு முன்னால் நின்று "வா, வா" என்று கூப்பிடக் கூடாது. பெரும்பாலான அப்பாக்கள் இதைத்தான் செய்கிறார்கள்! பக்கவாட்டில் நில்லுங்கள்.

பல வண்டிகளில் பிரேக் லீவரைத் தொட்டாலே மோட்டாருக்குப் போகும் மின்சாரம் அறுந்துவிடும்படி ஒரு சுவிட்ச் இருக்கும். இதை பிரேக் கட்-ஆஃப் என்பார்கள். பயந்த கை ஆக்சிலேட்டரை விடாவிட்டாலும் பிரேக்கைப் பிடித்தால் போதும், வண்டி அடங்கும். உங்கள் வண்டியில் இது இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று பார்க்க, பின்சக்கரம் தரையில் படாமல் தூக்கி வையுங்கள். லேசாக முறுக்கி, சுற்றும்போதே பிரேக் லீவரைக் கொஞ்சம் அழுத்துங்கள். மோட்டாருக்குப் போகும் மின்சாரம் உடனே அறுபட வேண்டும். விரலும் தாவணி, துப்பட்டா நுனியும் செயின் பக்கமே போகக் கூடாது. ஒவ்வொரு முறை வண்டியை வெளியே எடுக்கும்போதும் இந்தச் சோதனையைச் செய்யலாம், நிமிடம்கூட ஆகாது.

அடுத்தது சாவிப் பழக்கம். நின்று பேசுவதென்றால் சாவி ஆஃப். இறங்கினால் ஆஃப். கீழே விழுந்த வண்டியைத் தூக்குவதற்கு முன் கட்டாயம் ஆஃப், ஏனென்றால் தூக்குபவர் பிடிக்கும் முதல் இடம் அந்த வலது கைப்பிடிதான். விழுந்தபோது அதற்குள் மண் புகுந்திருந்தால் முறுக்கிய இடத்திலேயே ஒட்டிக்கொள்ளவும் செய்யும். விட்டவுடன் தானாகவே திரும்பிவருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மறுபடி சாவி போட வேண்டும்.

ஹெல்மெட் பற்றி ஒரே ஒரு சங்கதி. அப்பாவின் ஹெல்மெட்டைப் பிள்ளைக்கு மாட்டுவது ஹெல்மெட் இல்லாததற்குச் சமம். தாடையையும் மூடும் முழு ஹெல்மெட், பிள்ளையின் தலை அளவுக்கு, ஐஎஸ்ஐ முத்திரையோடு வேண்டும். பட்டையைப் போட்டபின் தலையை ஆட்டினால் ஹெல்மெட் தனியாக ஆடக் கூடாது. முட்டி, முழங்கைக் காப்புகளும் கையுறையும் கணுக்காலை மூடும் ஷூவும் அதனோடு சேர்ந்தவை. நீண்ட பின்னலை உள்ளே செருகிவிட வேண்டும்.

25 கிலோமீட்டருக்குக் கீழே என்றால் லைசென்ஸ் வேண்டாமே?

அதிகம் குழப்பப்படுவது இதுதான். மத்திய மோட்டார் வாகன விதிகள் ஒரு சலுகை தருவது உண்மை. மோட்டார் சக்தி 250 வாட்டுக்குக் குறைவாகவும், உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும் இருந்தால் அந்த பேட்டரி வண்டி மோட்டார் வாகனமாகக் கருதப்படாது. ஆனால் இரண்டும் சேர்ந்து பொருந்த வேண்டும். வேகம் 22 ஆக இருந்தாலும் மோட்டார் 350 வாட் என்றால் சலுகை இல்லை. அதோடு, முறையான சோதனை நிறுவனத்தின் ஒப்புதல் பெற்ற மாடலாகவும் இருக்க வேண்டும். விளக்கோ நம்பர் பிளேட்டோ இல்லாத டர்ட் பைக் இந்த வரையறைக்குள் வருவது அரிது.

அதனால் கன்னங்குறிச்சி தெருவானாலும் ஏற்காடு மலைப்பாதையானாலும் பொதுச் சாலைக்கு இந்த வண்டி வரவே கூடாது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவு, சிறார் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோரை அல்லது வண்டி உரிமையாளரைப் பொறுப்பாக்குகிறது. மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். அந்தப் பிள்ளைக்கு 25 வயது ஆகும்வரை லைசென்ஸும் கிடைக்காது. பிள்ளை கல்லூரி முடித்து வேலைக்குப் போகும் காலம் வரை துரத்தி வரும் தண்டனை இது.

சொந்தத் தோட்டம், அனுமதி வாங்கிய காலி நிலம், எஸ்டேட்டின் உட்பகுதி, இவைதான் இடம். தோட்டம் என்றால் ஆபத்தில்லை என்று நினைத்துவிட வேண்டாம். சேலம் சுற்றுவட்டாரத்தில் கைப்பிடிச் சுவர் இல்லாத தரைமட்டக் கிணறுகள் இன்னும் இருக்கின்றன. பிள்ளை ஓட்டும் நிலத்தில் அப்படி ஒன்று இருந்தால், வேலி போடும்வரை அந்த நிலம் வேண்டாம், அவ்வளவுதான். கழுத்து உயரத்தில் ஓடும் வேலிக் கம்பி, மண்ணுக்குமேல் கிடக்கும் சொட்டுநீர்க் குழாய், வெட்டிவிட்ட மரவள்ளிக் கட்டை ஆகியவற்றை முதலில் நடந்து பார்த்துவிடுங்கள். ஜவ்வரிசி காயவைக்கும் களம் அகலமாக, வழவழப்பாக இருப்பதைப் பார்த்துப் பிள்ளைக்கு ஆசை வரும். குனிந்து வேலை செய்பவர்களுக்கு இந்த வண்டி வருவது காதில் விழாது. ஆள் இல்லாத நாள் பார்த்துத்தான் விட வேண்டும். மலைமேல் காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் எஸ்டேட் வழிகளுக்கும் இதே கதைதான்.

ஏற்காட்டில் ஏற்றமும் இறக்கமும்

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே சமதரை தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். 30 கிலோ வண்டி, 30 கிலோ பிள்ளை. நூறு மீட்டருக்குப் பத்து மீட்டர் ஏறும் சரிவில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் ஏற, எடையைத் தூக்குவதற்கு மட்டுமே 240 வாட்டுக்கு மேல் வேண்டும். மண்ணின் இழுவை தனி. 350 வாட் மோட்டாருக்கு மிச்சம் ஒன்றும் இருக்காது. வேகம் குறையும், எதிர் அழுத்தம் குறையும், கரண்ட் ஏறும். சிக்கிய மிக்ஸியின் நிலைதான். சில வண்டிகளில் இதே போன்ற பொத்தானோ ஃபியூஸோ இருக்கும். அது தட்டினால் உடனே அழுத்திவிட்டு மறுபடி ஏற்றாமல், அரை மணி நேரம் நிழலில் ஆறவிடுங்கள். ஃபியூஸ் போனால் அதைவிடப் பெரிய ஃபியூஸையோ கம்பியையோ போடுவது வண்டியை எரிக்க வழி செய்வதுதான்.

இறக்கத்தில் வேறு சிக்கல். பெட்ரோல் வண்டியைக் கியரில் இறக்கினால் எஞ்சினே பிடித்து இழுத்து வேகத்தைக் குறைக்கும். இந்தச் சின்ன எலக்ட்ரிக் வண்டிகளில் பெரும்பாலும் அந்தப் பிடிப்பு இருக்காது. முழுப் பாரமும் பிரேக் மேல்தான். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடாகி வலுக்குறையும். ஈரமான சில்வர் ஓக் சருகு மேல் முன்பிரேக்கை மட்டும் அழுத்தினால் சக்கரம் வழுக்கும். புதிதாகப் பழகும் பிள்ளைக்கு மலைச்சரிவு வேண்டாம் என்பது என் கருத்து. பழகியபின்னும் நீண்ட இறக்கங்களில் வண்டியைத் தள்ளிக்கொண்டு இறங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

செயின், டயர், கழுவுதல்

எதைத் தொடுவதற்கு முன்னும் சாவியை எடுத்துவிடுங்கள், முடிந்தால் பேட்டரி இணைப்பையும் கழற்றுங்கள். செயினுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவில் சிக்கும் விரல் திரும்பி வராமலே போகலாம். செயின் காப்பு மூடி இல்லாமல் வண்டி ஓடக் கூடாது.

செயினின் நடுவில் அழுத்தினால் பொதுவாக அரை அங்குலம் போல ஆட வேண்டும். சரியான அளவு உங்கள் கையேட்டில் இருக்கும். செம்மண் ஓட்டம் முடிந்ததும் பிரஷ்ஷால் தட்டி, துடைத்து, செயினுக்கான எண்ணெய் (லூப்) லேசாகப் போட்டால் போதும். கிரீஸை அப்பினால் மண் ஒட்டிக்கொண்டு செயினையே அரைக்கும். டயர் காற்று அளவு டயரின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கும். பெட்ரோல் பங்க் காற்றுக் குழாய் இந்தச் சின்ன டயரை நொடியில் அளவுக்கு மீறி நிரப்பிவிடும், கைப்பம்பு நல்லது. அதிர்வில் சக்கர நட்டும் ஹேண்டில்பார் போல்ட்டும் தளரும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாட்டர் சர்வீஸுக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள். அழுத்தத் தண்ணீர் கன்ட்ரோலர், ஆக்சிலேட்டர், மோட்டார் பேரிங் எல்லாவற்றுக்குள்ளும் புகும். ஈரத் துணி போதும்.

பேட்டரி: எந்த வகை என்று தெரியாமல் தொட வேண்டாம்

பேட்டரியில் எவ்வளவு சக்தி அடங்கும் என்பதை வாட்-ஹவர் என்ற அளவில் சொல்வார்கள். வோல்ட்டையும் ஆம்பியர்-ஹவரையும் பெருக்கினால் அது வரும். 24 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் என்றால் 168 வாட்-ஹவர். 350 வாட்டை இடைவிடாமல் இழுத்தால் அரை மணி நேரம்கூடத் தாங்காது. "ஒரு மணி நேரம் ஓடும்" என்று கடையில் சொன்னது சமதரையில், மெதுவாக ஓட்டினால் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வகை பேட்டரிகள் வருகின்றன. ஒன்று லெட் ஆசிட், அதாவது ஈயமும் அமிலமும் உள்ள, கனமான, மூடிய பெட்டி. இன்னொன்று லித்தியம், எடை குறைவு, விலை அதிகம். இரண்டுக்கும் பராமரிப்பு ஏறக்குறைய தலைகீழ். ஒன்றுக்குச் சொன்ன அறிவுரையை இன்னொன்றுக்குச் செய்வதால்தான் பாதி பேட்டரிகள் சாகின்றன என்று நினைக்கிறேன்.

லெட் ஆசிட்டைக் காலியாக வைக்கவே கூடாது. சார்ஜ் இறங்கிய நிலையில் கிடந்தால் உள்ளே தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகிவிடும், அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் ஏறாது. பரீட்சை வருகிறது என்று வண்டியை ஓரங்கட்டி, மே மாத லீவில் எடுத்தால் ஓடவில்லை என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஓட்டி முடித்து, சூடு ஆறியதும் சார்ஜ் போடுங்கள். ஓட்டாத காலத்தில் மாதம் ஒருமுறை போடுங்கள். 24 வோல்ட் வண்டியில் 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டு வரிசையாக இணைந்திருக்கும். முழுச் சார்ஜுக்குப் பிறகு சில மணி நேரம் கழித்து மல்டிமீட்டரில் பார்த்தால் ஒவ்வொன்றும் 12.7 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். ஒன்று 12க்குக் கீழே நின்றால் அது போய்விட்டது. மாற்றும்போது இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள், பழசு புதுசையும் இழுத்துக்கொண்டு போய்விடும்.

லித்தியத்தை நீண்ட நாள் வைப்பதென்றால் முழுச் சார்ஜில் வைக்காமல் பாதியளவில் வைப்பது நல்லது. அதற்குள் பிஎம்எஸ் என்று ஒரு காவல் சர்க்யூட் இருக்கும், அளவுக்கு மீறி ஏறாமலும் இறங்காமலும் அது பார்த்துக்கொள்ளும். ஆனால் அடிபட்ட, தண்ணீரில் மூழ்கிய செல்லை பிஎம்எஸ் காப்பாற்றாது. பேட்டரி உப்பினாலோ, சும்மா இருக்கும்போதே சூடானாலோ, விசித்திர வாசனை வந்தாலோ அதற்கு மறுபடி சார்ஜ் போடாதீர்கள்.

சார்ஜரை மாற்றிப் போடுவது நெருப்பை வரவழைக்கும் காரியம். இரண்டு சார்ஜரிலும் "24 வோல்ட்" என்று எழுதியிருக்கும், செருகும் முனையும் ஒரே மாதிரி பொருந்தும். ஆனால் எப்போது, எத்தனை வோல்ட்டில் நிறுத்துவது என்ற கணக்கு இரண்டுக்கும் வேறு. வண்டியோடு வந்த சார்ஜர், அது போனால் அதே வகைக்கான சார்ஜர்.

வெயில் இரண்டு வகைக்குமே எதிரி. லெட் ஆசிட் பேட்டரியின் வெப்பம் பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது துறையில் உள்ள பொதுக் கணக்கு. ஏப்ரல், மே மாதங்களில் சேலத்தில் தகரக் கொட்டகைக்குள் வண்டி நிற்கக் கூடாது. ஓட்டி முடித்த சூட்டோடு சார்ஜ் போடாமல் ஆறவிட்டுப் போடுங்கள். மாடிப்படிக்குக் கீழே, வாசலை ஒட்டி வைத்து சார்ஜ் போடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. தீப்பிடித்தால் வெளியே ஓட வேண்டிய வழியே அதுதான். காற்றோட்டமான சிமென்ட் தரையில், வீட்டில் யாராவது விழித்திருக்கும் நேரத்தில் போடுங்கள். புகை வந்தால் வண்டியை இழுத்து வெளியே தள்ள முயல வேண்டாம். பிள்ளைகளோடு வெளியேறி 101 அல்லது 112க்கு அழையுங்கள்.

ஆயுள் முடிந்த பேட்டரியைப் புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்துவிடலாம். 2022ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழையதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மேல் வைத்திருக்கின்றன. லெட் ஆசிட் என்றால் பழையதற்கு விலையும் கழிப்பார்கள். உப்பிய லித்தியம் பேட்டரியைப் பழைய இரும்புக்காரரிடமோ குப்பை வண்டியிலோ போடாதீர்கள், நசுங்கினால் எரியும். வீட்டுக்கு வெளியே, எரியக்கூடிய எதுவும் அருகில் இல்லாத இடத்தில் மணல்மேல் வைத்துவிட்டு, கடைக்குப் போன் செய்து சொல்லிவிட்டு எடுத்துப் போங்கள்.